தம்பிக்கு ஏடு தொடக்கிய கை

பெரியகல்லாற்றுத் தோணிகளுக்குப் பேர் எழுதுவது மாமாவின் தொழில். அம்மாவின் மூத்த அண்ணன் அவர். தூரிகையை அவர் விரல்கள் இறுக்குவதே இல்லை, சும்மா தாங்கிக்கொண்டிருக்கும். சின்ன விரல் பலகையில் ஊன்றி வழுக்கிக்கொண்டே போகும். வளைவு வந்தால் மணிக்கட்டு திரும்பாது, தோளிலிருந்து முழுக்கையும் சுழலும். அதைப் பார்க்கவே பள்ளிக்கூடம் விட்டதும் கரைக்கு ஓடுவேன்.

முதல் எழுத்து எழுதவைத்து ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடிப்பவரின் எழுத்துத்தான் பிள்ளைக்கும் வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் விரலைப் பிடித்தவர் அப்பா. என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருப்பதற்கு அம்மா சொல்லும் காரணம் அதுதான். தம்பிக்கு மாமாதான் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மாமாவோ விடிந்தால் சாராயத்தில் முகம் கழுவுகிறவர். குடித்த கையால் பிள்ளையைத் தொடக்கூடாது என்று அம்மா கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். நவராத்திரிக்குக் கும்பம் வைத்த நாள்முதல் மாமா ஒரு சொட்டும் தொடவில்லை. இனி மனிதர் திருந்திவிடுவார் என்று மாமி சந்தோஷத்தில் அழுதார்.

விஜயதசமி காலை, தட்டில் அரிசி பரப்பி, தம்பியை மடியில் இருத்தி, மாமா அவன் சுட்டுவிரலைப் பிடித்தார். பிடித்த கை உதறத் தொடங்கியது. அரிசி சிதறியதே தவிர அகரம் விழவில்லை. தடவிவிட்டு மறுபடி எழுதினார். அதுவும் அப்படியே. அப்பா பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

“கை நிக்குதில்ல தங்கச்சி. வேற ஆரையும் பிடிக்கச் சொல்லு,” என்றார் மாமா.

அம்மா அவரைக் குசினிக்குள், அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். நானும் பின்னால் போனேன்.

“இண்டைக்கு மட்டும் கொஞ்சம் குடிச்சிட்டு வாங்கண்ணன். புள்ளைக்குக் கோணல் எழுத்து வந்திரும்.”

“நீயா சொல்றாய்?”

அம்மா பின்கதவின் தாழை நீக்கினாள். மாமா பின்வாசலால் இறங்கிப் போனார்.

திரும்பி வந்தபோது கை அசையாமல் நின்றது. தோளிலிருந்து சுழன்று வந்த அகரம் அரிசியில் அத்தனை அழகாக விழுந்தது. சிரித்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். மாமி மட்டும் எழுந்து, ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். பாயாசம்கூடக் குடிக்காமல் போகிறாரே என்று எனக்குக் கோபமாக வந்தது.

அன்று மறுபடி தொடங்கிய குடியை மாமா பிறகு விடவே இல்லை. அடுத்த நவராத்திரிக்கு அவர் உயிரோடு இல்லை. அந்தக் காலையில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மாமாவின் கைக்கு வந்த நடுக்க வருத்தத்தை அம்மா ஒரு சொல்லில் சுகமாக்கிவிட்டாள் என்று நினைத்து, எல்லோருக்கும் முதலில் நான்தான் கைதட்டினேன்.