புகைக்குழாய் வரை தண்ணீர்

கமலாட்சியின் விரல்கள் திரையில் இருந்த நீலக் கோட்டை இம்மியளவு மேலே தள்ளின. மோட்டார் சைக்கிள் படத்தின் புகைக்குழாயைக் கோடு தாண்டிவிட்டது. மறுபடி இறக்கின.

அவருக்கு நாற்பத்தாறு வயது. உலு திராம் என்ற ஊரில் தனியாக இருக்கிறார். தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டு மின்சுற்றுப் பலகைகளைச் சோதித்தவர். ஆலை மூடியபின் காணொளி பார்த்துச் செயலி எழுதப் பழகினார். கோத்தா திங்கி ஊரில் ஒரு தாமான் குடியிருப்புக்காக அவர் ஒரு செயலி செய்திருந்தார். மழை பெய்தால் எந்தத் தெருவில் நீர் எவ்வளவு ஏறியது என்று குடியிருப்பவர்களே அதில் பதிய வேண்டும். எந்த வடிகாலை முதலில் அகலப்படுத்துவது என்று நகராண்மைக் கழகம் அதை வைத்து முடிவெடுக்கும். மாதக் கடைசிக்குள் அறுபது வீடுகளாவது பதியாவிட்டால் செயலி வேண்டாம் என்றிருந்தார்கள்.

இரண்டு மாதத்தில் நாற்பத்தொரு பதிவு. எல்லாம் ஒரே கைப்பேசியிலிருந்து. வேறு எந்தச் செய்தியும் வராத நாட்களில் கமலாட்சி அவற்றையே திறந்து பார்ப்பார். போன வாரம் அந்த எண்ணை அழைத்துவிட்டு, அந்தத் தாமானுக்கு பஸ் ஏறிப் போனார்.

அந்த எண்ணுக்குரிய வீரமுத்து மோட்டார் பட்டறைக்காரர்.

"நீங்க ஒரு ஆளுதானா? நான் பெரிய ஆபீஸ்னு நெனச்சேன் லா!"

"மத்தவங்க ஏண்ணே பதியல?"

"அலமாக்! சென்டிமீட்டர் கேட்டா? தண்ணிக்குள்ள யாரு ரூலரோட நிப்பா? எக்ஸோஸ் குழா முங்குச்சா, சீட்டு முங்குச்சா, காலையில பைக் வேலைக்குப் போகுமா, அவ்வளவுதாம்மா."

அவரிடமே அளவு நாடா வாங்கி, அங்கே நின்ற பதினோரு வண்டிகளையும் கமலாட்சி அளந்தார்.

"ரெண்டு வண்டி போதாதாம்மா?"

"போதாதுண்ணே."

அந்த அளவுகளைக் கொண்டுதான் இப்போது படம் வரைகிறார். வண்டியில் நீர் தொட்ட இடத்தை விரலால் தொட்டால் போதும். சென்டிமீட்டரைச் செயலியே கணக்கிட்டுக்கொள்ளும். கோடுகள் சரியாக உட்கார நான்கு நாள் ஆனது.

ஐந்தாம் நாள் மழை. மாலைக்குள் எண்பத்து மூன்று வீடுகள் பதிந்தன. வீரமுத்துவின் பதிவு எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை, நகராண்மைக் கழக அலுவலகத்தில் ரூபேந்திரன் என்ற அதிகாரி செயலியைப் பெற்றுக்கொள்ள உட்கார்ந்தார்.

"சூப்பர் அக்கா. இனிமே நாங்க பாத்துக்குவோம். உங்க லாகின் இன்னையோட க்ளோஸ், ரூல்ஸ் அப்படி."

"பதிவு எதையும் பாக்க முடியாதா தம்பி?"

"முடியாதுக்கா."

கமலாட்சி தலையசைத்தார். கடவுச்சொல்லைத் தாளில் ஒவ்வோர் எழுத்தாக எழுதி, பெரிய எழுத்துகளுக்கு மட்டும் அடிக்கோடிட்டு, ஒருமுறை சரிபார்த்து, ரூபேந்திரன் பக்கம் நகர்த்தினார்.