மஞ்சள்கரு ஊட்டிய வாரம்

பொத்தேரியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தாள். அவளுடைய தங்கமீன்கள் மறுபடி முட்டையிட்டால், போன தடவை போல அவையே தின்று தீர்த்துவிடாமல் முட்டைகளைப் பிரித்துவைக்க வேண்டும். "ஒரு தடவையாவது குஞ்சுங்களப் பாக்கணும்ப்பா. சனிக்கிழமை வரேன்" என்றாள்.

பிரித்துவைத்தேன். அந்த வாரத்தில் நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான். திங்கட்கிழமை காலை பிளாஸ்டிக் தொட்டியின் ஓரமெங்கும் நூல் துணுக்குகள் போலக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நூற்றுக்கு மேல் எண்ண முடியவில்லை. பிரசவ வார்டு வாசலில் நிற்பவனைப் போல பால்கனியில் நடந்தேன்.

வேகவைத்த மஞ்சள்கரு கொடுக்கலாம் என்று ஏதோ ஒரு வீடியோவில் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்குள் முட்டை வராது. மனைவி அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேச்சு முடிந்தது. கீழ் வீட்டு அக்காவிடம் போய் அவித்த முட்டை ஒன்று கேட்டேன். எதற்கென்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து சார் திருந்திவிட்டார் என்று நினைத்திருப்பார்.

விருந்தாளி போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி வைப்பதுதானே மரியாதை? முழுக் கருவையும் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்தேன். தொட்டி மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்தது. ஒரு குஞ்சும் வாயைத் திறக்கவில்லை. பசியில் சோர்ந்துவிட்டன போலிருக்கிறது என்று மாலையில் இன்னொரு முட்டை வாங்கிவந்தேன்.

புதன்கிழமை பால்கனிக் கதவைத் திறக்க முடியாத நாற்றம். பாதிக் குஞ்சுகள் அடியில் கிடந்தன. நாற்றம் கீழே இறங்கி அக்காவை மேலே கூட்டிவந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு காலத்தில் அவர் வீட்டிலும் மீன் வளர்த்தார்களாம்.

"பொறந்து ரெண்டு நாளைக்கு அதுங்க வயித்துலயே தீனி கீது சார். நீங்க இன்னாத்துக்குப் பந்தி போட்டுகினு கீறீங்க?"

பயந்துபோய், அவர் இறங்கிய உடனே தண்ணீரை மாற்றினேன். முழுவதையும். குழாயிலிருந்து நேராக. அன்று காலைதான் தரையடிச் சம்ப் தொட்டியில் லாரித் தண்ணீர் இறங்கி, பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். எனக்குத் தெரியாமலா? குடியிருப்போர் கூட்டத்தில், கட்டாயம் பிளீச்சிங் போட வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவனே நான்தான்.

அந்தத் தண்ணீரில் மிச்சக் குஞ்சுகளும் மிதக்கத் தொடங்கின. அதற்குப் பிறகு மகள் வீடியோ காலில் வந்தபோதெல்லாம் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தவள் தோள்பையைக்கூட இறக்காமல் பால்கனிக்குப் போனாள். மூன்று முறை எண்ணினாள். மூன்று முறையும் ஏழுதான். அவையும் பொன்னிறமாக இல்லை, அழுக்குத் தண்ணீர் நிறம்.

"நூறு இருக்குன்னியேப்பா."

இருந்தது என்றேன்.

"நீ ஒண்ணுமே பண்ணாம சும்மா இருந்திருந்தா எவ்ளோ இருந்திருக்கும்?"

புதன்கிழமையிலிருந்து நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தொட்டியைத் தளும்பாமல் தூக்கிக்கொண்டு நேராகக் கீழ் வீட்டுக்கு இறங்கிவிட்டாள்.

இப்போது ஏழும் அக்கா வீட்டு ஜன்னலோரம் வளர்கின்றன. எனக்கு மாலையில் பார்வையாளர் நேரம் உண்டு. போனதும் அக்கா முதலில் என் சட்டைப்பையைப் பார்க்கிறார். பிறகுதான் வழிவிடுகிறார்.

"கையப் பின்னால கட்டிகினு பாருங்க சார்."

கட்டிக்கொண்டு பார்க்கிறேன்.