ஏழு ஐம்பது பஸ்ஸில் பத்தொன்பது பீடி

பொது இடங்களில் புகை பிடிப்பதைத் தடை செய்ய வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டும் என்றுதான் சொல்வேன். அறுபதுகளிலும் அதையேதான் சொன்னேன். அப்போது என் பேச்சைக் கேட்க ஒரு பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்குச் செஞ்சியில் தாலுகா அலுவலக வேலை. கல்யாணமாகி இரண்டாவது வருஷம். ஆசிரியர் பயிற்சி முடித்து மூன்று வருஷம் நான்கு மாதம் காத்திருந்த என் மனைவிக்கு, மேல்சித்தாமூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. காலை ஏழு ஐம்பது பஸ்ஸில் போக வேண்டும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. அந்த பஸ்ஸிலோ, விடியற்காலையில் செஞ்சிச் சந்தைக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களின் புகை மூட்டம். முதல் வாரம் நான்கு நாள், பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் வரை அவளால் பாடம் சொல்ல முடியவில்லை. தலைமையாசிரியர் நல்ல மனிதர். "இப்படியே இருந்தா வேற ஆளைத்தான் கேக்கணும்மா" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாராம்.

மறுநாள் நானும் கூடப் போனேன். அவளை விட்டுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினால் அலுவலகத்துக்கு நேரம் சரியாக இருக்கும். வல்லம் வருவதற்குள் பீடிகளை எண்ணினேன். பத்தொன்பது. இதில் டிரைவருடையது ஒன்று, கண்டக்டருடையது ஒன்று. டிரைவர் தலைக்கு மேலே, புகை பிடிக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எழுந்து நின்று அதை உரக்கப் படித்தேன்.

"சார், அது சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு. நாங்க பீடி" என்றார் ஒருவர்.

"இன்னா சார், காலங்காத்தால சட்டம் பேசற?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கண்டக்டரைப் பார்த்தேன். "டிக்கெட் கிழிக்கத்தான் சார் எனக்கு அதிகாரம். வாயில இருக்கறதப் புடுங்க அதிகாரம் குடுக்கல" என்று சொல்லிவிட்டு, தன் பீடியை இன்னொரு இழுப்பு இழுத்தார்.

அன்று இரவே ஒன்பது பக்கத்துக்கு மனு எழுதினேன். ஆள்வாரியாகப் பீடிக் கணக்கும் சேர்த்தேன். மனு போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தகவல் இல்லை.

அடுத்த வாரம் வல்லத்தில் ஒரு பெரியவர் ஏறினார். அவர் படியில் கால் வைத்ததுமே நான்கு பீடிகள் காணாமல் போயின. ஒன்று ஜன்னல் வழியாகப் போனது. ஒன்று செருப்புக்கு அடியில் போனது. மூன்றாவது, அவருடைய மருமகனின் உள்ளங்கைக்குள். நான்காவது எங்கே போனதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. மருமகன் எரிகிற பீடியைக் கைக்குள் மூடிக்கொண்டு, "வாங்க மாமா, உக்காருங்க மாமா" என்று நெளிந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டி மாமா இறங்கியதும் கையை உதறி உதறி ஊதினார். என் மனைவி முந்தானையால் மூக்கை மூடியபடியே சிரித்தாள்.

"என்ன சிரிப்பு? இன்னும் பதினஞ்சு புகையுது" என்றேன்.

"பதினஞ்சும் போயிடும், பாருங்க" என்றாள்.

மறுநாள் முன் சீட்டுக்காரரிடம் குனிந்து, "அண்ணே, உங்க பொண்ணு எங்க பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்புதானே? கணக்கு நல்லா போடறா" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார். "டீச்சரா நீங்க? தெரியலியேம்மா!" பீடி ஜன்னலுக்கு வெளியே பறந்தது. துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது.

தினம் இரண்டு பேரையாவது இப்படி விசாரித்தாள். பிள்ளையின் டீச்சர் முன்னால் புகை விட அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. பத்தொன்பது பதினொன்றாகி, ஆறாகி, மூன்றானது. டிரைவரும் கண்டக்டரும் ஊரே விட்டதைத் தாங்கள் மட்டும் பிடிக்க வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்கள். பாக்கி ஒருவர், ஆட்டுத் தரகர்.

"எனக்குப் புள்ளயுமில்ல, குட்டியுமில்ல. நான் யாருக்குப் பயப்படணும்?" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி எழுந்தாள். "நீங்க பிடிங்க பெரியப்பா. நான் முன்னால போய் உக்காந்துக்கறேன்."

அவர் பீடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "பெரியப்பான்னு கூப்ட்டுட்ட. இனிமே நான் எங்க பிடிக்கறது?" என்று அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். பஸ்ஸே சிரித்தது.

அந்த மாதக் கடைசியில் தலைமையாசிரியர் அவளுக்கு ஐந்தாம் வகுப்பையும் சேர்த்துக் கொடுத்தார். வேலை நிலைத்தது.

எனக்குத்தான் புதுக் கவலை. எல்லாரும் பஸ் நிலையத்திலேயே அவசர அவசரமாக இழுத்து முடித்துவிட்டு ஏறினார்கள். வண்டி தினம் நான்கு நிமிஷம், ஒரு நாள் ஆறு நிமிஷம் தாமதம். கடிகாரத்தைக் காட்டிக் கண்டக்டரிடம் முறையிட்டேன்.

"இன்னா சார் நீ? பிடிச்சாலும் தப்பு, அணைச்சாலும் தப்பா?" என்றார்.

"நாளையிலேர்ந்து நீங்க வரவேணாங்க" என்றாள் என் மனைவி. "இப்ப இந்த பஸ்ஸுல நீங்க பேசினாதான் எனக்கு மூச்சு முட்டுது."

மறுநாள் தனியாகவே போனாள். நான் பஸ் நிலையத்தில் நின்று, அணைத்துவிட்டு ஏறியவர்களை எண்ணினேன். பதினெட்டு. டிரைவர், கண்டக்டரைச் சேர்த்தும் பத்தொன்பதுக்கு ஒரு ஆள் குறைந்தது. யார் வரவில்லை, உடம்பு சரியில்லையோ என்று அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.