விருந்தாளிக்குப் போட்ட டீ

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு தையல்கார அக்கா அந்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். "நல்லாத்தான் இருக்கு. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்றாள். அந்த டீயைப் பற்றிப் பிறகு யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

நடந்தது இதுதான். அந்த ஆற்றோரத் தெருவில் மழைக்காலத்தில் வெள்ளம் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். பேரைச் சொன்னால் கூப்பிட்டது போல் ஆகிவிடுமாம். "விருந்தாளி வராங்க" என்பார்கள். மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு புதிதாக வந்த மருமகளுக்கு அது தெரியாது. வீட்டில் அன்று அவள் மட்டும்தான். தெருக்கோடியில் யாரோ "விருந்தாளி வராங்க!" என்று கத்தியதும் மற்றவர்கள் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினார்கள். இவளோ பாயை உதறி விரித்து, டீ போட்டு வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே வந்தது தண்ணீர்.

பின்னாலேயே வந்தவள் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா. மருமகளின் பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்தாள். விரித்த பாயையும் டீயையும் பார்த்தாள். சிரிக்கவில்லை. மாமியார் காதுக்குப் போயிருந்தால் தெருவே சிரித்திருக்கும்.

அந்தத் தெருவில் வருடத்தை எண்ணால் சொல்வதில்லை. கட்டில்கள் மிதந்து போனது கட்டில் வெள்ளம். கூரைத் தகரத்தைக் காற்று சுருட்டிக்கொண்டு போனது தகரப் புயல். மெக்கானிக் பிறந்தது அதில்தான். அக்காவின் வீட்டுக்காரர் போனது கட்டில் வெள்ளத்துக்குப் பின்னால் வந்த காய்ச்சலில். அதன்பிறகு தையல் மெஷின்தான் அவளுக்குச் சோறு போட்டது. விருந்தாளி வரும்போதெல்லாம் அதைக் கயிறு கட்டி விட்டத்துக்கு இழுப்பாள். தண்ணீர் வடிந்ததும் சேற்றை வழித்து, சுவரைக் கழுவி, மெஷினை இறக்கி எண்ணெய் விட்டு, "ஆண்டவா" என்று உட்காருவாள்.

"உங்க தம்பிதான் மேட்டு ஊர்ல வா வான்னு கூப்பிடுறாரே, போயிடலாம்ல அக்கா?" என்று மருமகள் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"எங்கடி போறது? சேத்தைக் கழுவி நிமிர்றதுக்குள்ள அடுத்தது வாசல்ல வந்து நிக்குது. மூட்டை கட்ட நேரம் வேணாமா?"

போன மழையில் "விருந்தாளி" குரல் கேட்டதும் மருமகள் அக்கா வீட்டுக்கு ஓடினாள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கயிறு கையில் இருந்தது, இழுக்கவில்லை. தண்ணீர் கணுக்காலைத் தாண்டிவிட்டது.

"அக்கா, எந்திரிங்க!"

"முட்டி சொன்ன பேச்சு கேக்கலடி. நீ மெஷினைத் தூக்கு. என்னை ஆண்டவன் பாத்துப்பான்."

"அவன்தான் என்னை அனுப்பியிருக்கான். எந்திரிங்க."

மெக்கானிக் வந்து அக்காவை முதுகில் சுமந்து பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டுபோனான். மெஷின் முழுகிப்போனது.

தண்ணீர் வடிந்ததும் மருமகளே அக்காவின் தம்பிக்குப் போன் செய்தாள். அக்காவுக்கு முகம் சிறுத்துவிட்டது.

"என்னைத் துரத்துறியா?"

"ஆமா, துரத்துறேன். ஒவ்வொரு மழைக்கும் நீங்க இருக்கீங்களா, போயிட்டீங்களான்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்க என்னால முடியல."

துருப்பிடித்த மெஷினை அக்கா துடைக்கக்கூட இல்லை. சுவரில் ஒட்டியிருந்த சேற்றை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "துணிமணியை எடுத்து வை" என்றாள்.

அதற்கப்புறம் இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. நனையாத தரையில் சில மாதம் நிம்மதியாகத் தூங்கி, அந்தத் தூக்கத்திலேயே அக்கா ஆண்டவனிடம் போய்ச் சேர்ந்தாள். தெருவை விட்டுப் புறப்பட்ட அன்று, தம்பி கொண்டுவந்த வேனில் ஏறி உட்கார்ந்து, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது இவ்வளவுதான்:

"விருந்தாளி வந்து என்னைக் கேட்டா, வீட்ல இல்லைன்னு சொல்லிடு."