மூன்று மிதி, பிறகு ஒரு நீள மிதி

அன்று காலையிலிருந்தே இடுப்பு கழன்று விழுவது போல வலி. கல் உடைத்த குடும்பத்தில் பிறந்தவன் நான். என் அப்பாவுக்கு குவாரியில் வராத இடுப்பு வலி எனக்கு நாற்காலியில் வந்தது. வயிற்றிலும் ஒன்றும் இல்லை. பசி மயக்கத்தில் எதையோ பார்த்திருப்பான் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான். நிமிஷம், நொடியோடு கம்ப்யூட்டரில் பதிவாகி இருக்கிறது.

படூரில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு சிமுலேட்டர் செய்கிறோம். பழகுகிறவர் ஓட்டுவது ஒரே ஒரு விமானம். திரையில் அவரைச் சுற்றிப் பறக்கிற மற்றதெல்லாம் கம்ப்யூட்டர் ஓட்டுவது. அவை ஒழுங்காக இறங்கி, பிரேக் பிடித்து, ஓடுபாதையை விட்டு விலக வேண்டும். பிரேக் கூடினால் சுவரில் முட்டியது போல நிற்கும். குறைந்தால் பாதை முடிகிறவரை ஓடும். அதைச் சரிசெய்வது நான். ஒரு ஃபைலில் பிரேக்குக்கான எண்ணை மாற்றுவேன். இறக்கிப் பார்ப்பேன். மறுபடி மாற்றுவேன்.

கம்ப்யூட்டருக்குக் கால் கிடையாது. பிரேக்கை ஒரே சீராக அழுத்தும். நிற்கிறவரை விடாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று நான் இருந்திருக்க வேண்டியது படூரில் இல்லை. செங்கல்பட்டு கோர்ட்டில்.

எட்டு வருடத்துக்கு முன்னால் திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு குவாரியில் டிப்பர் லாரிக்கு கிளீனராக இருந்தேன். டிரைவர் முனிசாமி அண்ணன். ஒரு நாள் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கீழே ஆட்கள் ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வண்டியை வலப்பக்கம் ஒடித்துப் பாறையில் விட்டார். வலப்பக்கம் அவர் பக்கம். அங்கேயே உயிர் போய்விட்டது. நான் உட்கார்ந்திருந்த பக்கம் கண்ணாடிகூட உடையவில்லை.

வேலை நேரம் முடிந்த பிறகு குடித்துவிட்டு வண்டியை எடுத்தான் என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். ‘ஆமாம், வாடை அடித்தது’ என்று நான் போலீசில் சொன்னேன். பொய். முதலாளி எனக்கு இன்ஜினியரிங் சீட் வாங்கிக் கொடுத்தார். அண்ணன் வீட்டுக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர் மனைவி ஜெகதாம்பாள் அண்ணி விடவில்லை. கேஸ் போட்டு நடையாய் நடந்தார். வண்டியில் இருந்த இன்னொரு ஆள் நான்தான். நான் உண்மையைச் சொன்னால்தான் கேஸ் ஜெயிக்கும். அன்று காலை போன் செய்தார்.

“தாமு, இன்னிக்கு மட்டும் வந்துடுப்பா. உன்ன வுட்டா எங்களுக்கு யாரு கீறாங்க?”

“வரேன் அண்ணி.”

சொல்லிவிட்டு படூருக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

ஆபீசில் நானும் ஹரிப்ரியா மேடமும்தான். அவர்தான் எங்கள் டீமுக்குத் தலை.

“ரெண்டு மணிக்கு கஸ்டமர் வராங்க தாமு. நைட் லேண்டிங் ரெடியா?”

“ஆயிடும் மேடம்.”

“நேத்து உன் ஃப்ளைட் ஷேர் ஆட்டோ மாதிரி பிரேக் அடிச்சுது. உள்ள இருக்கறவன் பல்லு போயிடும்பா.”

சிரித்துக்கொண்டே 11.35க்கு கேளம்பாக்கம் கிளம்பினார். நான் தனியாக இருந்தேன். போனை சைலன்ட்டில் போட்டேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. திரையில் நடு ராத்திரி.

11.48. விமானம் இறங்கியது. திரையின் ஓரத்தில் பிரேக் அழுத்தத்தைக் காட்டும் கோடு ஏறியது. நடுவில் ஒரு இடத்தில் சட்டென்று விழுந்து, மறுபடி ஏறியது. அழுத்தி, விட்டு, அழுத்தின மாதிரி. ஏதோ கோளாறு என்று பிரேக் எண்ணைக் குறைத்தேன்.

11.56. இப்போது இரண்டு இடத்தில் விழுந்தது.

ஃபைலை மேலிருந்து கீழ்வரை படித்தேன். விட்டு விட்டு அழுத்தச் சொல்லி எங்கேயும் எழுதவில்லை. ஆனால் அந்தக் கோடு எனக்குத் தெரிந்த கோடு. பிடிக்காத பிரேக்கை லாரி டிரைவர்கள் இப்படித்தான் மிதிப்பார்கள்...

12.03. எண்ணை பூஜ்ஜியம் ஆக்கினேன். இனி பிரேக்கே கிடையாது. கோடு அசையக் கூடாது.

12.07. விமானம் தரையைத் தொட்டது.

12.07.10. கோடு ஏறியது. இறங்கியது. ஒரு மிதி.

ப்ஸ்ஸ்ஸ்...

காற்று பிரேக் சத்தம். லாரி சத்தம். ஸ்பீக்கர் வயர் மேஜை மேல் சுருண்டு கிடந்தது. செருகவே இல்லை.

12.07.15. இரண்டாவது மிதி. ப்ஸ்ஸ்ஸ்... வேகம் குறையவில்லை.

12.07.20. மூன்றாவது மிதி.

பிரேக் லைனிங் கருகுகிற வாடை. மூக்குக்குப் பக்கத்தில்.

கீழே பார்த்தேன். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

12.07.29. கோடு உச்சிக்குப் போனது.

இறங்கவில்லை.

நீள மிதி.

விமானம் வலப்பக்கம் ஒடித்தது...

அங்கே பாதையே கிடையாது.

திரை அணைந்தது.

கால் வந்தது.

12.40க்கு மேடம் வந்தபோது நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். சொன்னேன். பதிவை எடுத்துப் பார்த்தார்.

“பிரேக் ஜீரோல இருக்கு. அப்ப இத யாரு மிதிச்சா?”

“தெரியல மேடம்.”

“விளையாடாத தாமு.” அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுபடி ஓட்டினோம். எண்ணை ஏற்றி ஏழு தடவை இறக்கினோம். ஏழு தடவையும் சீராக நின்றது. கஸ்டமர் வந்தார், பார்த்தார், வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் போனைத் தொட்டேன். அண்ணன் மகள் வரலட்சுமி பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள். திருப்பிக் கூப்பிட்டேன்.

“இன்னா சித்தப்பா, போன எடுக்க மாட்டியா?”

“வேலைம்மா...”

“பன்னண்டு ஏழுக்கு நம்ம கேஸு வந்துச்சி. கடியாரத்தயே பாத்துகினு இருந்தேன், நீ வருவேன்னு. கோர்ட்டு ஆளு வாசல்ல நின்னு உன் பேர மூணு தபா கூப்ட்டாரு. சாட்சி தாமோதரன், சாட்சி தாமோதரன்னு. நீ வரல.”

மூன்று தபா.

“அப்பறம்?”

“அப்பறம் அம்மா கூப்டுச்சி. நீளமா... வுடவே இல்ல. போலீசு வந்து புடிச்சிகினு போய் உக்கார வச்சாங்க.”

“என் பேரையா?”

“இல்ல. அப்பா பேர. முனிசாமீன்னு. அப்பா இருந்தப்பகூட எங்கம்மா வாயால அந்தப் பேர நான் கேட்டதே இல்ல சித்தப்பா.”

அடுத்த வாய்தா ஆடியில் வந்தது. அன்றும் நான் போகவில்லை. பயந்தது பேய்க்கு இல்லை. பொய் சொன்னது நான்தான் என்று வாயால் சொல்ல வேண்டுமே, அதற்கு.

முனிசாமி அண்ணனுக்கு நான் ஒரு சாட்சி பாக்கி. இன்னும் சொல்லவில்லை.