பீக்கன் மரத்தில் காய்த்த பீர்க்கங்காய்

துடைப்பம் வாங்குவதென்றாலும் அதனால் விளையக்கூடிய நன்மை தீமைகளை இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்துவிட்டே வாங்குகிறவள் நான். சமூகப்பணியில் முதுகலை படித்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம். ஆகவே, தேவாரம் என்ற ஊரில் என் மாமியார் வீட்டு முற்றத்தில் நின்ற முருங்கையை வெட்டிவிட்டு அந்த இடத்தில் பீக்கன் மரம் வளர்ப்பதென்று நான் அவசரத்தில் முடிவெடுத்துவிடவில்லை. நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கங்கள் அதற்குச் செலவாயின. தவறான முடிவை அவ்வளவு நிதானமாக எடுக்க எல்லோராலும் முடியாது.

பீக்கன் என்பது வாதுமையைப் போல ஓட்டுக்குள் பருப்பு வைக்கும் ஒரு குளிர்நாட்டு மரம். வடக்கே மலைப்பகுதியில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழி ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தாள். இரண்டைத் தின்றேன், மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு வருங்காலச் சந்ததியை நினைத்தேன். தலைமுறைகள் தாண்டி நிற்கும் மரம், நிழல், புரதம், காற்றின் தூய்மை எல்லாம் நன்மைப் பத்தியில் ஏறின. தீமைப் பத்தியில் ஒன்றே ஒன்று: குளிர் வேண்டும். அதையும் ஆராய்ந்தேன். மார்கழியில் விடியற்காலைப் பூசைக்குப் போகிற ஆண்களில் பாதிப் பேர் குரங்குக் குல்லா போட்டிருந்தார்கள். குளிர் போதுமானது என்று எழுதிக்கொண்டேன்.

என் கணவருக்கு மாநில எல்லை தாண்டி மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. காலையில் ஜீப்புக்குக் கிளம்பியபடியே அவர் சொன்னார்: "மேல கொண்டுபோயி நட்டாலாவது குளிரு கெடைக்கும். இங்கன எதுக்கு?" நான் நான்கு பக்கங்களையும் நீட்டினேன். ஜீப் போய்விடும் என்று ஓடிவிட்டார்.

அத்தையிடம் மட்டும் முறைப்படி அனுமதி கேட்டேன். முருங்கை ஆடிக் காற்றில் கிளை முறிகிறது, கம்பளிப்பூச்சி வைக்கிறது, எதிர்வீட்டிலேயே ஒன்று இருக்கிறது என்று விளக்கினேன். "நீ படிச்ச பிள்ள. ஒனக்குச் சரின்னு பட்டா வெட்டிக்க" என்றார்கள். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.

வெட்டிய பிறகுதான் நான் எழுத மறந்த வரி ஒன்று கண்ணில் பட்டது. முழங்கால் வலியால் அத்தை தெருவைத் தாண்டிப் போவதில்லை. தெருதான் அவர்களிடம் வந்துகொண்டிருந்தது. ஒரு கைப்பிடிக் கீரை, சாம்பாருக்கு இரண்டு காய் என்று நாளுக்கு மூன்று நான்கு பெண்கள் வருவார்கள். கீரை பறிக்க இரண்டு நிமிடம், பேச முக்கால் மணி நேரம். மரம் போன பத்தாம் நாள் அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெறும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மரம் போனா போகுது. ஆளு ஒண்ணும் வரலையே, ஏத்தா" என்றார்கள்.

சமூக உறவுகள் பற்றி ஒரு தாள் முழுக்கத் தேர்வெழுதி முதல் வகுப்பு வாங்கியவள் நான். அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். பீக்கன் வளர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். வளர்ந்து காய்க்க அது பத்து வருடம்கூட எடுத்துக்கொள்ளும் என்பதை அத்தையிடம் சொல்லவில்லை.

விதைகளை ஈர மணலில் புதைத்து இரண்டு மாதம் பிரிட்ஜில் வைக்க வேண்டியிருந்தது. இட்லி மாவுப் பாத்திரத்தை வெளியேற்றிவிட்டு வைத்தேன். மாவு புளித்துப் பொங்கியது. "மருமக வெதைக்குக் குளிரு காட்டுறா, நமக்குப் புளிப்புக் காட்டுறா" என்று அத்தை ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்கு அறிவித்தார்கள்.

எதிர்வீட்டில் இருப்பவர் அத்தைக்குத் தங்கை முறை, எனக்குச் சின்னத்தை. திராட்சைத் தோட்டங்களில் கொடி நறுக்கும் கவாத்து வேலைக்குப் போகிறவர். நான் குழி தோண்டி விதை ஊன்றிய அன்று வேலை முடிந்து வந்தவர் வேலியருகே நின்றார்.

"என்னாத்தா ஊன்றுற?"

"பீக்கன், சின்னத்தை."

"பீக்கங்காயா? அதுக்கா முருங்கைய வெட்டுன? அது மேலயே கொடிய ஏத்தி விட்டிருக்கலாமே!"

எங்கள் பக்கத்தில் பீர்க்கங்காயை யாரும் 'ர்' போட்டுச் சொல்வதில்லை. நான் சிரிக்கவில்லை, விளக்கினேன். "இது கொடியில்லை, மரம். எண்பது அடி வளரும்."

"எண்பது அடியில பீக்கங்காயா! யக்கா, ஒங்க மருமக தொரட்டிக்கு எங்க போவா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐபிரிட்டு ரகமா இருக்கும்" என்று சமாதானமாக முடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தெருவில் என் மரத்துக்கு 'பீக்கங்கா மரம்' என்றே பெயர்.

ஒரு மாதம் ஆயிற்று. மண்ணில் அசைவில்லை. நாள்தோறும் நான் குனிந்து பார்ப்பதைச் சின்னத்தை எதிரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு காலை, முளை வந்திருந்தது. தடித்த இரண்டு பச்சை இலைகள். மண்டியிட்டு எட்டுப் படம் எடுத்தேன். இருந்தாலும் நான் சரிபார்க்காமல் எதையும் நம்புகிறவள் அல்ல. அத்தையை மெல்ல நடத்திக் கூட்டி வந்து கேட்டேன்.

"அத்தை, இது பீக்கன்தானே?"

"பீக்கங்காதான். இதுல என்ன சந்தேகம்?"

இதைவிட உறுதியான சான்று வேறென்ன வேண்டும்? தோழிக்குப் படங்களை அனுப்பினேன், கூடவே ஒரு சிறு கட்டுரையும்: வெப்ப மண்டலத்தில் குளிர்நாட்டு மரங்களுக்கான வாய்ப்புகள். எங்கள் பள்ளத்தாக்கு விவசாயிகளின் எதிர்காலம் அதில் ஏறக்குறைய தீர்மானிக்கப்பட்டிருந்தது. மூன்று வாரத்தில் செடி முழ உயரம் வந்து, பக்கத்துச் செங்கலை ஒரு பச்சைப் பற்றுக்கம்பியால் பிடித்துக்கொண்டது. புதிய சூழலுக்கு மரம் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது என்று நோட்டில் குறித்தேன். அந்தப் பக்கத்தை நான் இன்றும் கிழிக்கவில்லை. அவ்வப்போது எடுத்துப் படிப்பது உடம்புக்கு நல்லது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னத்தை தோட்டத்துப் பழைய கம்பிச் சுருளோடும் நான்கு குச்சிகளோடும் வந்தார்.

"எதுக்கு சின்னத்தை?"

"பந்தல் போட வேணாமா?"

"மரத்துக்கு எதுக்குப் பந்தல்?"

அவர் என்னைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். கம்பிச் சுருளைக் கீழே வைத்தார். "ஆத்தா, ஒன் வெத ஒண்ணுமே மொளைக்கல. நீ தெனமும் குனிஞ்சு பாக்குறது மனசுக்குப் பொறுக்கல. எங்க வீட்டுப் பீக்கங்கா வெதையில நாலு எடுத்து அங்கன ஊன்றிவிட்டேன். ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முருங்கையை வெட்டிய பிறகு அவர்கள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். அதனால் நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

கதை மாலைக்குள் தெரு முழுக்கப் பரவியது. பந்தல் நிறைந்து காய்க்கத் தொடங்கியதும் பெண்கள் திரும்ப வந்தார்கள். ஒரு காய் பறிக்க இரண்டு நிமிடம். என்னைப் பற்றிப் பேச முக்கால் மணி நேரம். "எண்பதடிக்கு இன்னும் எத்தனை அடி பாக்கி?" என்று ஒருவர் கேட்டால், "ஏணி சொல்லியிருக்கோம்" என்று அத்தை நாற்காலியிலிருந்தே பதில் சொல்வார்கள். உள்ளே நான் தேங்காய் துருவுவதில் மிகுந்த கவனம் செலுத்துவேன்.

ஆனால் பீர்க்கங்கொடிக்கு ஆயுள் சில மாதம்தான். இலை பழுக்கத் தொடங்கியபோது எனக்குப் பயம் வந்தது. பந்தல் காய்ந்தால் நாற்காலி மறுபடியும் தனியாகிவிடும். நோட்டைத் திறக்காமல் தெருவைக் கடந்து போய்ச் சின்னத்தையிடம் நட்டு வளர்க்க ஒரு முருங்கைப் போத்து கேட்டேன். அவர் வீட்டு மரமே, அத்தையின் மரத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்துக் கொண்டுபோய் நட்டு வந்ததுதான்.

"வெட்டுனவளுக்கே போத்தா?" என்று சொல்லிக்கொண்டே நல்ல கிளையாகப் பார்த்து வெட்டினார். மேல் வெட்டில் சாணி அப்பினார். "ஒங்க அத்தைக்குன்னா ரெண்டாத் தாரேன்."

காய்ந்த கொடியை இழுத்தபோதுதான் அதன் அடியில் அது தெரிந்தது: சாண் உயரத்தில், பென்சில் தடிமனில், கொடியின் நிழலில் யாரும் அறியாமல் முளைத்திருந்த நிஜப் பீக்கன். தோழிக்கு ஒரே ஒரு படம் அனுப்பினேன், கட்டுரை இல்லாமல். அவளும் அதுதான் என்றாள். தனி மரம் ஒழுங்காகக் காய் பிடிக்காது, எங்கள் வெயிலுக்குக் காய்ப்பதே சந்தேகம் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

போத்தை ஊன்ற அந்த மூலைதான் நல்ல இடம். குளியலறைத் தண்ணீர் அங்கேதான் பாய்கிறது. நான் செடியைப் பிடுங்கக் குனிந்தேன். இம்முறை எல்லா விளைவுகளையும் எண்ணித்தான் குனிந்தேன்.

"ஏத்தா, அதைத் தொடாத" என்றார்கள் அத்தை. "போத்தை ரெண்டு கை தள்ளி ஊன்று."

"இது காய்க்காது, அத்தை."

"காய்க்காட்டிப் போகுது. முருங்கை தழைய இன்னும் ஆறு மாசமாகும். அதுவரைக்கும் அவளுக எதைக் கேட்டு வருவாளுகன்னு நெனைக்கிற?"

வேலிக்கு அப்பால் யாரோ அப்போதே கேட்டுவிட்டார்கள்: "யக்கா, பீக்கங்கா மரம் எப்படி இருக்கு?"

அத்தை நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் பக்கத்தில் இடம் செய்துகொண்டார்கள். "உள்ள வந்து பாரு" என்றார்கள்.