குடிச்சாலும் ஒண்ணும் செய்யாது

தென்காசியில் எபனேசருக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, வீட்டுக்கு மருந்தடிக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். "மருந்தெல்லாம் நான் அடிக்கிறதில்ல. விஷம்தான் அடிப்பேன். சம்மதமா?" என்று கேட்பார். பாதிப்பேர் அப்பவே போனை வைத்துவிடுகிறார்கள். கிரகப்பிரவேசம் வைத்திருந்த ஒருவர், "காலங்காத்தால என்ன பேச்சுவே பேசுதீரு?" என்று ஏசியே விட்டார். எபனேசர் அதையும் வாங்கிக்கொண்டார். நாலு வருஷத்துக்கு முன்னால் இருந்த எபனேசர் என்றால் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டார்.

அந்த மனுஷனுக்கு அப்போது இருந்த வாய் இருக்கே, ஏ அப்பா! பூச்சிக்கு அடிக்கிற தொழிலில் இருபது வருஷம். லைசென்சைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டியிருந்தார். முகமூடி, கையுறை எல்லாம் கவர் பிரிக்காமலே அலமாரியில் கிடக்கும். "அதெல்லாம் மாட்டிக்கிட்டுப் போனா வீட்டுக்காரன் பயந்துருவாம்லே" என்பார். கரையானோ கரப்பானோ, வெறுங்கைதான், வாயில் பாக்கு. "சின்னப்பிள்ள இருக்கு அண்ணாச்சி, ஒண்ணும் செய்யாதுல்லா?" என்று எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான். "ஹெர்பல்மா. குடிச்சாலும் ஒண்ணும் செய்யாது." வணக்கம் சொல்லுகிற மாதிரி அது வாயில் தானாக வந்தது.

அந்த வருஷம் சீசன் நல்ல சீசன். குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜிலிருந்து மேனேஜர் மகாதேவன் காலையிலேயே கூப்பிட்டார். ஒரு அறையில் மூட்டைப்பூச்சி. படுத்திருந்தவர்கள் கத்திவிட்டுக் காலி செய்துவிட்டார்கள். அடுத்து விருதுநகரிலிருந்து வந்த குடும்பம் பையும் பிள்ளையுமாகக் கீழே உட்கார்ந்திருக்கிறது. "ஒரு மணி நேரத்துல ரூம் வேணும்வே. சீசன்ல ரூமைப் பூட்டிப்போட்டா முதலாளி என்னையத்தான் பூட்டுவாரு" என்று பறந்தார் மகாதேவன்.

அன்றைக்குப் பார்த்து, வீட்டுக்குள் அடிக்க அனுமதி உள்ள சரக்கு தீர்ந்துபோயிருந்தது. இன்னைக்கு முடியாது, நாளைக்கு வாரேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சொல்லவில்லை. ஆலங்குளத்தில் மச்சினன் பாண்டியராஜ் கத்தரித் தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தில் கொஞ்சத்தைத் தண்ணி பாட்டிலில் ஊற்றி வாங்கிவந்து வண்டிப் பெட்டியில் போட்டிருந்தார். வயலுக்கு உள்ளது, வீட்டுக்குள் அடிக்கவே கூடாது. அது அவருக்குத் தெரியும். தெரியாமல் செய்தார் என்று நான் பூசி மெழுக மாட்டேன். சவத்துப் பூச்சி சீக்கிரம் சாகட்டும் என்று அளவுக்கு மேலேயே கொஞ்சம் ஊற்றிக் கலக்கி, மெத்தையிலும் கட்டில் இடுக்கிலும் அடித்தார். சாரல் உள்ளே வரும் என்று ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. வாடை போக வாசனை ஸ்பிரே அடித்துவிட்டு வெளியே வந்தார்.

வாசலில் அந்தக் குடும்பத்துப் பெண் முஹ்ஸினா நின்றாள். இடுப்பில் நாலு வயசு மகள் சஃப்ரின், தூக்கக் கலக்கத்தில். "பிள்ளை படுக்கணும் அண்ணாச்சி. மருந்து ஒண்ணும் செய்யாதுல்ல?"

எபனேசர் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். கழுவாத கை. "ஹெர்பல்மா. குடிச்சாலும் ஒண்ணும் செய்யாது."

மத்தியானம் மகாதேவன் மறுபடியும் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "அந்தப் பிள்ளைக்கு நிக்காம வாந்தி. தென்காசிக்குக் கொண்டு போயிருக்காவ. நீரு வாயத் தொறக்காதீரும். வர்ற வழியில புரோட்டா தின்னுருக்காவ. பழி அதும்மேல கிடக்கட்டும்."

கேட்க சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டு போனார். காப்பாற்றப் போனாரா? இல்லை. சாப்பாட்டுக் கோளாறுதான் என்று யாராவது சொல்லிக் காதால் கேட்டுவிட்டு வரப் போனார். வராந்தாவில் தூண் மறைவாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அங்கே முஹ்ஸினாவை அவள் புருஷன் துல்கர்னைன் பிய்த்துக்கொண்டிருந்தார். "ரோட்டுக் கடையில வாங்கிக் குடுக்காதன்னு தலபாடா அடிச்சேன், கேட்டியா நீ?" அவளோ, "என் கையாலதானே ஊட்டினேன், நானே என் பிள்ளைக்கு..." என்று தன் கையையே சுவரில் அடித்துக்கொண்டாள். இந்தப் பக்கம் எபனேசர், சாப்பாடாத்தான் இருக்கும், சாப்பாடாத்தான் இருக்கும் என்று உள்ளுக்குள் உருப்போட்டுக்கொண்டிருந்தார். சீ, என்ன பிறவி!

டாக்டர் வேல்விழி வேகமாக வெளியே வந்தார். "எச்சி ஒழுகிக்கிட்டே இருக்கு, கண்மணி ஊசிமுனையாச் சுருங்கிட்டு. எனக்கு சாப்பாடு மாதிரி தெரியலை. தங்கின ரூம்ல பூச்சிக்கு எதுவும் அடிச்சாங்களா?"

"அடிச்சாங்க டாக்டர்" என்றாள் முஹ்ஸினா. "ஆனா அது ஹெர்பல். குடிச்சாலும் ஒண்ணும் செய்யாதாம். நான் கேட்டேன். அந்த அண்ணாச்சி நல்ல மனுஷன், பிள்ளையக் கன்னத்துல தட்டிக் கொஞ்சிட்டுப் போனாரு. அவரு பொய் சொல்லியிருக்க மாட்டாரு."

அவள் சபித்திருந்தால்கூட எபனேசர் தூணுக்குப் பின்னாலேயே இருந்திருப்பார். அவருக்காக அவள் சாட்சி சொன்னதுதான் தாங்க முடியவில்லை. எழுந்து வந்தார்.

"ஹெர்பல் இல்ல டாக்டர். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து. நான்தான் அடிச்சேன்."

"மருந்துன்னு சொல்லாதீங்க. விஷம். ஊசி போட ஆரம்பிச்சாச்சு, ஆனா பேரு தெரியணும். பேரு என்ன?"

பேரா? தண்ணி பாட்டிலில் ஏது பேரு! பாண்டியராஜுக்குப் போன் போட்டார். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. "அந்த டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு வாசிடே." "இங்கிலீஷ்ல இருக்கு அத்தான், எனக்கெங்க..." "ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு!" பாண்டியராஜ் எழுத்துக் கூட்டினான். "மொத எழுத்து சி. அடுத்தது ஹெச்சு. அதுக்கடுத்தது எல்லு..." ஒவ்வொரு எழுத்தையும் எபனேசர் டாக்டருக்குத் திருப்பிச் சொன்னார், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. வராந்தா முழுக்கக் கேட்டது. முஹ்ஸினா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுதிக்கொண்டு உள்ளே ஓடினார். துல்கர்னைன் எபனேசரின் சட்டையைப் பிடித்து அறைந்தார். எபனேசர் கையைக்கூடத் தூக்கவில்லை.

போலீஸ் வந்தது. நடந்ததை எபனேசரே எழுதிக் கொடுத்தார். லாட்ஜுக்குப் பூட்டு விழுந்தது, கடைச் சுவரிலிருந்த லைசென்ஸ் போயிற்று. மறுபடி பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, அதைத் திரும்ப வாங்க இரண்டு வருஷமாயிற்று. இன்றைக்கு முகமூடி மாட்டாமல் வீட்டுப்படி ஏற மாட்டார். அடித்த அறைக்குத் தானே பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, நேரம் ஆகட்டும் என்று தெருவிலேயே உட்கார்ந்திருப்பார். கிறுக்கு பிடித்துவிட்டது என்று ஊரில் சிரிக்கிறவர்கள் உண்டு.

சிரிக்கட்டும். பிள்ளையைச் சேர்த்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வார்டில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது.

பிள்ளை பிழைத்து எழுந்து உட்கார்ந்திருந்தது. எபனேசர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று மன்னிப்புக் கேட்டார். முஹ்ஸினா ஏசவில்லை.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு பொம்பளப் பிள்ளைங்கம்மா."

"உங்க வீட்டுல மூட்டைப்பூச்சி வந்ததே இல்லையா?"

"போன வருஷம் வந்துச்சும்மா. மெத்தைய மாடியில வெயில்ல போட்டு, கட்டிலுக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நி ஊத்தினோம். நாலு நாளாச்சு."

"நீங்க அடிக்கிறத அடிக்கலையா?"

"இல்லம்மா."

"ஏன்?"

எபனேசர் சஃப்ரினைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எங்க பிள்ளைங்க படுக்கிற கட்டிலுல்லாம்மா."